கில்காலில் எழுந்த வாக்குவாதம்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 19ஆம் அதிகாரம்



தேர்தல் முடிந்துவிட்டது. வாக்குகள் எண்ணப்பட்டு, முடிவுகள் அறிவிக்கப்பட்டுவிட்டன. கொடித் தோரணங்களை அவிழ்த்துவிட்டார்கள்; ஒலிபெருக்கிகள் ஓய்ந்துவிட்டன. விரலில் இட்ட மையும் நகம் வளர வளர மறைந்துவிடும். ஆனால் அந்த மையைவிட ஆழமாகப் பதிந்த ஒன்று நம் நடுவில் மறையாமல் இருக்கிறது. பல ஆண்டுகள் ஒரே தேநீர்க் கடையில் அமர்ந்து ஒரே செய்தித்தாளைப் பங்கிட்டுப் படித்தவர்கள் இன்று கண்டும் காணாதவர்போல் நடக்கிறார்கள். மைத்துனர் குடும்ப வாட்ஸ்அப் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார். ஆலயத்தில் சமாதான வாழ்த்துக் கூறும் வேளையில் ஒருவருடைய கை நீள்கிறது; எதிரே நிற்பவரோ பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுகிறார்.

"தேர்தல் காலத்தில் இதெல்லாம் சகஜம்; நாளானால் சரியாகிவிடும்" என்று பலர் சொல்லுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளானால் ஆறுவது சிராய்ப்பு. கவனியாமல் விட்டால் உள்ளுக்குள் புரையோடுவது காயம். நம்மிடையே இருப்பது காயம் என்றே அஞ்சுகிறேன். போட்டியில் நேர்ந்த மோதலைவிட, போட்டி முடிந்தபின் பேசப்படும் வார்த்தைகளே ஒரு ஜனத்தை நிரந்தரமாகப் பிளக்க வல்லவை. இதைக் காட்டும் ஓர் அதிகாரம் வேதத்தில் இருக்கிறது. யுத்தங்களைப் பற்றி வேதத்தில் பல அதிகாரங்கள் உண்டு. யுத்தம் முடிந்த மறுநாளைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்லும் அதிகாரம் அரிது. இந்த வாரம் அதனை ஒருமுறை முழுவதுமாக வாசித்துப் பார்க்க உங்களை அழைக்கிறேன்.

வெற்றி பெற்றவனின் கண்ணீர்

அப்சலோம் தன் தகப்பனாகிய தாவீதுக்கு எதிராக எழும்பினான். தாவீது எருசலேமை விட்டு ஓடினான். எப்பிராயீம் காட்டில் நடந்த யுத்தத்தில் இருபதாயிரம் பேர் மாண்டார்கள். அப்சலோமும் மாண்டான். தாவீதின் சேனைக்கு ஜெயம். ஆனால் பட்டணத்துக்குத் திரும்பிய சேனை ஆரவாரத்தோடு நுழையவில்லை; தோற்று ஓடிவந்தவர்களைப்போல் தலைகவிழ்ந்து நுழைந்தது. காரணம், அரசன் மேல்வீட்டில் அழுதுகொண்டிருந்தான்.

யோவாபுக்கு அந்தக் கண்ணீர் பிடிக்கவில்லை. அவன் கடிந்துகொண்டதிலும் நியாயம் உண்டு. தனக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களை அரசன் மறக்கலாகாது. ஆயினும் யோவாப் அறியாத ஒன்றைத் தாவீது அறிந்திருந்தான். பெலிஸ்தரை வெல்வது வேறு, சொந்த வீட்டாரை வெல்வது வேறு. இங்கே வீழ்ந்தவன் பகைவன் அல்லன், மகன்.

தேர்தலில் தோற்றவர்கள் யார்? வேறு நாட்டார் அல்லர். 2016ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் தொகுதியில் முதல் இரு வேட்பாளர்களும் தலா 69,500க்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்கள். இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 49 வாக்குகள். அந்த 49 பேர் ஒரு சிற்றூரின் ஒரு தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். ஆலயங்கள் நிறைந்த அந்தத் தொகுதியில், வென்ற பக்கத்துக்கும் தோற்ற பக்கத்துக்கும் வாக்களித்தவர்கள் ஒரே கிணற்றில் நீர் இறைத்தவர்கள், ஒரே பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள், ஒரே கல்லறைத் தோட்டத்தில் தங்கள் முன்னோரை அடக்கம் செய்தவர்கள். "நாம் அவர்களைத் தோற்கடித்தோம்" என்று ஒருவர் பட்டாசு கொளுத்தும்போது, அந்த "அவர்களில்" அவருடைய சித்தப்பாவும் இருக்கிறார்.

மன்னிப்பும் தள்ளிவைத்த மன்னிப்பும்

தாவீது திரும்பி வருகிறான் என்று கேட்டவுடனே யோர்தான் கரைக்கு ஓடிவந்தவர்களில் சீமேயி ஒருவன். தாவீது ஓடிப்போன நாளில் வழிநெடுகக் கல்லெறிந்து, புழுதியை வாரித் தூற்றிச் சபித்தவன் அவன். இப்போது முகங்குப்புற விழுந்து மன்னிப்புக் கேட்கிறான். யோவாபின் சகோதரனாகிய அபிசாய் அவனைக் கொன்றுபோட வேண்டும் என்கிறான். தாவீதோ, இன்று இஸ்ரவேலில் ஒருவனும் கொல்லப்படலாகாது என்று தடுத்து, சீமேயிக்கு ஆணையிட்டு உயிர்ப்பிச்சை அளிக்கிறான்.

இங்கே கவனியுங்கள்: அரசன் மன்னிக்க ஆயத்தமாயிருக்கிறான், அரசனுடைய ஆட்கள் ஆயத்தமாயில்லை. இதுவே கட்சிப் பகையின் இயல்பு. மேலே இருப்பவர்கள் ஒரு திருமண வீட்டில் சந்தித்தால் கைகுலுக்கி நலம் விசாரிக்கிறார்கள். கீழே இருக்கும் தொண்டர்கள் அதே நாளில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தோற்ற சேனையின் தளபதியாயிருந்த அமாசாவையே தாவீது தன் தளபதியாக்க முன்வந்தான். அந்த அமாசாவை, முத்தமிடுவதுபோல் தாடியைப் பிடித்துக் குத்திக் கொன்றவன் யோவாப். தலைவனுடைய சமாதானத்தைக் குலைத்தவன் எதிரணியான் அல்லன், சொந்த அணியான்.

ஆனால் தாவீதின் மன்னிப்பும் முழுமையானதா? இல்லை என்று வேதமே ஒளிக்காமல் சொல்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் மரணப் படுக்கையில் அவன் சாலொமோனிடம் சீமேயியின் பெயரை எடுக்கிறான். அந்த நரைத்த தலையைச் சும்மா விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போகிறான். இதை வாசிக்கும்போதெல்லாம் என் உள்ளம் நடுங்குகிறது. யோர்தான் கரையில் கொடுத்தது மன்னிப்பா, தள்ளிவைப்பா? அன்று ஜனங்களுடைய ஆதரவு வேண்டியிருந்தது. ஆகையால் பகை மூடிவைக்கப்பட்டது. மூடிவைத்த பகை மகனுக்குச் சொத்தாகப் போய்ச் சேர்ந்தது.

நம் வீடுகளிலும் இந்தச் சொத்து கைமாறுகிறது. "அந்த வீட்டுக்காரன் அந்தத் தேர்தலில் நமக்கு என்ன செய்தான் தெரியுமா?" என்று பிள்ளைகளின் காதுபடப் பேசும் ஒவ்வொரு முறையும், அவர்கள் போடாத சண்டையை அவர்களுக்கு எழுதி வைக்கிறோம்.

கேளாமல் தீர்த்த தீர்ப்பு

அடுத்து வருகிறவன் மேவிபோசேத். இரண்டு கால்களும் முடமானவன், சவுலின் பேரன். தாவீது ஓடிப்போன நாளில் மேவிபோசேத்தின் வேலைக்காரனாகிய சீபா, அப்பமும் பழங்களும் ஏற்றிய கழுதைகளோடு எதிரே வந்து, தன் எஜமான் பாட்டனுடைய ராஜ்யம் தனக்கே வரும் என்று எருசலேமிலேயே காத்திருப்பதாகச் சொன்னான். தாவீது வேறொருவரையும் விசாரிக்கவில்லை. மேவிபோசேத்தின் நிலம் முழுவதையும் அந்த இடத்திலேயே சீபாவுக்குக் கொடுத்துவிட்டான். இப்போது மேவிபோசேத் வந்து நிற்கிறான். அரசன் போன நாள் முதல் கால்களைச் சுத்தம் செய்யவில்லை, தாடியைச் சீர்படுத்தவில்லை, உடைகளை வெளுக்கவில்லை. அவனுடைய கோலமே சாட்சி. தாவீது சங்கடப்பட்டு, நிலத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளச் சொல்கிறான். எனக்கு நிலமே வேண்டாம், அரசர் சமாதானத்தோடு திரும்பிவந்தது போதும் என்கிறான் மேவிபோசேத்.

அந்நாளில் சீபாவின் சொல் ஒரு கழுதையின் வேகத்தில் வந்தது. இந்நாளில் நம் கைப்பேசியில் நொடிக்கு ஒரு சீபா வருகிறான். அவனும் வெறுங்கையோடு வருவதில்லை. நாம் கேட்க விரும்புவதைப் பழக்கூடைபோல் ஏந்தி வருகிறான். "பார்த்தாயா, இந்தத் தெருவில் இவர்கள்தான் காசு வாங்கினார்கள்" என்று ஒரு செய்தி. "நம் ஆலயத்தில் இந்தக் குடும்பம்தான் அந்தப் பக்கம் வேலை செய்தது" என்று இன்னொன்று. விசாரிக்காமல் நம்பி, நம்பியதை நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு, அந்தக் குடும்பத்தோடு பேச்சை நிறுத்திவிடுகிறோம். பின்பு உண்மை தெரிய வந்தாலும் முழு நிலத்தையும் திருப்பிக் கொடுக்க மனம் வருவதில்லை. பாதி நட்பைத் திருப்பிக் கொடுத்துச் சமாளிக்கிறோம்.

பத்துப் பங்கும் இரத்த உறவும்

அதிகாரத்தின் கடைசிப் பகுதிதான் எல்லாவற்றிலும் துயரமானது. அரசன் யோர்தானைக் கடந்து கில்காலுக்கு வருகிறான். அங்கே இஸ்ரவேல் கோத்திரத்தாருக்கும் யூதா கோத்திரத்தாருக்கும் வாக்குவாதம் மூளுகிறது. எங்களை அழைக்காமல் நீங்கள் மாத்திரம் அரசனை அழைத்து வந்தது ஏன் என்று இஸ்ரவேலர் கேட்கிறார்கள். அரசர் எங்களுக்கு நெருங்கிய உறவு, இதில் உங்களுக்கு என்ன வருத்தம் என்கிறார்கள் யூதா மனுஷர். எங்களுக்குப் பத்துப் பங்கு உரிமை உண்டு என்கிறார்கள் இவர்கள். இதன் முடிவில் வேதம் ஒரே ஒரு குறிப்பை எழுதிவைக்கிறது: யூதா மனுஷரின் பேச்சு மற்றவர்களுடைய பேச்சைக் காட்டிலும் கடுமையாயிருந்தது. அதோடு அதிகாரம் முடிகிறது.

அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே சேபா என்பவன் எக்காளம் ஊதி, தாவீதோடு நமக்கு இனி ஒரு பங்கும் இல்லை என்ற பொருளில் முழங்க, ஜனங்கள் அவன் பின்னே போய்விடுகிறார்கள். அந்தக் கலகம் அடங்கியது. அந்த முழக்கம் அடங்கவில்லை. தாவீதின் பேரனாகிய ரெகொபெயாமின் நாளில் அதே முழக்கம் மீண்டும் எழுந்தது. ராஜ்யம் இரண்டாய்க் கிழிந்தது. பின்பு அது ஒட்டவே இல்லை.

இருபதாயிரம் பேரைப் பலிகொண்ட யுத்தத்துக்குப் பின்னும் அந்த ஜனங்கள் ஒரே அரசனை வரவேற்க ஒரே இடத்தில் கூடினார்கள். யுத்தம் பிளக்காததைப் பேச்சு பிளந்தது. அதிலும் அவர்கள் சண்டையிட்டது எதற்காக? அரசன் வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அவனை அழைத்து வந்த பெருமை யாருக்கு என்பதே வழக்கு. வென்றவர்களுக்குள்ளேயே நடந்த சண்டை அது. அரசனுக்கு அருகில் இருந்தவர்கள், அந்த அருகாமையைக் கொண்டு மற்றவர்களைக் குத்தினார்கள்.

நம் மண்ணில் நடந்தவை

வென்றவர்களும் தோற்றவர்களும் வேறு விதமாக நடக்க முடியுமா? முடியும். நம் மாநிலத்தின் வரலாற்றிலேயே அதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

1967ஆம் ஆண்டுத் தேர்தலை எண்ணிப் பாருங்கள். விடுதலைக்குப் பின் இருபது ஆண்டுகள் ஆட்சியிலிருந்த காங்கிரஸ் அன்றைய சென்னை மாநிலத்தில் தோற்றது. ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த காமராசர், தம் சொந்த ஊராகிய விருதுநகரில், மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். வென்ற அணியின் தலைவராகிய அண்ணா பதவியேற்பதற்கு முன்பே திருச்சிக்குப் போனார். அங்கே இருந்தவர் பெரியார். 1949இல் அண்ணாவும் அவருடைய நண்பர்களும் பெரியாரை விட்டுப் பிரிந்து தனிக் கட்சி கண்டிருந்தார்கள். பெரியார் அவர்களைக் "கண்ணீர்த்துளிகள்" என்று ஏளனமாக அழைத்துவந்தார். அந்தத் தேர்தலிலும் காங்கிரசுக்காகவே ஊர் ஊராகப் பேசினார். பதினெட்டு ஆண்டுப் பகை. தம்மைத் தோற்கடிக்கப் பாடுபட்டவருடைய வாசலுக்கு வென்றவர் தாமே நடந்துபோனார். பின்பு தமது அமைச்சரவையே பெரியாருக்குக் காணிக்கை என்று சட்டமன்றத்தில் சொன்னார்.

அதே தேர்தலில் இராஜாஜி அண்ணாவின் பக்கம் நின்றார். பெரியார் எதிர்ப்பக்கம் நின்றார். அவர்கள் இருவரும் எதிர்ப்பக்கங்களில் நிற்பது அது முதல்முறை அன்று. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் "குலக்கல்வி" என்று சொல்லிப் பெரியார் கடுமையாக எதிர்த்துப் போராடினார். ஒருவர் ஆழ்ந்த பக்தர்; மற்றவர் கடவுளே இல்லை என்றவர். ஆயினும் நட்பு அறுந்துபோகவில்லை. 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தபோது, 93 வயதான பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் விட்டழுதார். அடுத்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அவரும் மறைந்தார். நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் நாளிலும் அதன் முந்திய நாளிலும் அமைந்த இவ்விரு மரணங்களையும் அவ்வப்போது எண்ணிக்கொள்வேன். 1975இல் காமராசர் மறைந்தபோது, அவரோடு நீண்ட காலம் அரசியலில் மோதிய கருணாநிதியே முதலமைச்சராக இருந்து, அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துவித்து, கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு அருகே நினைவிடமும் எழச் செய்தார்.

மறுபக்கமும் உண்டு. 1989 மார்ச் 25 அன்று, நிதிநிலை அறிக்கை வைக்கப்பட்ட நாளில், சட்டமன்றத்துக்குள்ளேயே அமளியும் கைகலப்பும் நேர்ந்தன. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் இரு பெரும் கட்சிகளின் தலைவர்களும் ஒரே நிகழ்ச்சியில் காணப்படுவதே அரிதாயிற்று. ஆகையால்தான் 2016 மே மாதத்தில் நடந்த சிறிய நிகழ்ச்சியொன்று பெரிதாகப் பேசப்பட்டது. ஜெயலலிதா முதலமைச்சராகப் பதவியேற்ற விழாவுக்கு மு.க. ஸ்டாலின் சென்றார், அவருக்குப் பின்வரிசையில் இடம் ஒதுக்கப்பட்டது சர்ச்சையாயிற்று. அவமதிக்கும் நோக்கம் தமக்கு இல்லை, முன்கூட்டியே தெரிந்திருந்தால் முன்வரிசையில் அமரச் செய்திருப்பேன் என்று ஜெயலலிதா விளக்கம் அளித்தார். தோற்றவர் வந்தார்; வென்றவர் விளக்கம் சொன்னார். இவ்வளவுதான். ஆயினும் நெடுங்காலம் மழை காணாத நிலத்துக்கு அது ஒரு தூறலாய் இருந்தது.

போதகர் ஒருவர் கடவுள் மறுப்பாளரையும் அரசியல்வாதிகளையும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அயலான் யார் என்ற கேள்விக்கு ஆண்டவர் காட்டிய மாதிரி ஆசாரியனும் அல்லன், லேவியனும் அல்லன்; யூதர் ஒதுக்கிவைத்த சமாரியன். நற்பண்பு எங்கே விளைந்திருந்தாலும் அதைக் கண்டு கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கம் வேண்டாம். நம்மிடம் அது விளையாதிருப்பதற்கே வெட்கப்பட வேண்டும்.

சமாதானம் என்பது வாயடைப்பு அன்று

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். "சபைக்குள் அரசியலே பேசக்கூடாது, அப்போதுதான் சமாதானம்" என்று சிலர் கருதுகிறார்கள். பிரசங்க பீடம் கட்சி மேடையாகக் கூடாது என்பதை நானும் உறுதியாக நம்புகிறேன். ஆனால் பேசாதிருப்பது சமாதானம் ஆகாது. பேச்சை அடைத்தால் கசப்பு வேறு வழி தேடும். ஆலயப் பண்டிகைக் கணக்கிலும், பாடகர் குழுவிலும், அடக்க ஆராதனைக்கு யார் போகிறார்கள் யார் போகவில்லை என்பதிலும் அது தலைகாட்டும்.

அதுபோலவே, அநியாயத்தை மறந்துவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. வாக்குக்குப் பணம் கொடுத்தது பாவம், வாங்கியதும் பாவம். முறைகேடு நடந்திருந்தால் கேள்வி கேட்பது கடமை. நாத்தான் தாவீதை நேருக்கு நேர் கண்டித்தான். யோவான்ஸ்நானன் ஏரோதைக் கண்டித்தான். நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடரலாம். 49 வாக்குகளில் முடிந்த இராதாபுரம் தேர்தலும் அவ்வாறே நீதிமன்றத்துக்குப் போயிற்று. அது நேர்மையான வழி. நீதி கேட்பதற்குச் சட்டம் காலவரையறை வைத்திருக்கிறது. கசப்புக்கு நாம் எந்தக் காலவரையறையும் வைப்பதில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கட்சியை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஆண்டவருடைய பன்னிருவர் பட்டியலில் மத்தேயு என்னும் ஆயக்காரன் இருந்தான். ரோம அரசுக்காக வரி வசூலித்தவன். அதே பட்டியலில் செலோத்தே என்னப்பட்ட சீமோனும் இருந்தான். தேச வைராக்கியத்துக்குப் பேர்போன பெயர் அது. வேறெங்கும் ஒருவரையொருவர் தெருவில் கண்டாலே முகம் சுளித்திருப்பார்கள். அவர்கள் இருவரையும் ஆண்டவர் ஒரே பந்தியில் அமர்த்தினார். அவர்களுடைய கருத்துகள் எப்போது, எப்படி ஒத்துப்போயின என்று சுவிசேஷங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. ஒரே அப்பத்தைப் பிட்டுப் புசித்தார்கள் என்பது மாத்திரம் நமக்குத் தெரியும்.

நம் வீட்டுக்குள்ளே

கட்சிக்காரர்களைப் பார்த்து இதையெல்லாம் சொல்வதற்கு முன் நாம் நம்மைப் பார்க்க வேண்டும். சேகரக் கமிட்டித் தேர்தலும் திருமண்டலத் தேர்தலும் வரும்போது நம் நடுவில் என்ன நடக்கிறது? அணிகள் உருவாகின்றன, துண்டறிக்கைகள் பறக்கின்றன, தோற்றவர்கள் நீதிமன்றப் படியேறுகிறார்கள், வென்றவர்கள் பழிவாங்கும் இடமாற்றங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். மாநிலத் தேர்தல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மூட்டும் தீக்கு நம் சபைத் தேர்தல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விறகு அடுக்கிவைக்கும் இடங்களும் உண்டு. உலகத்தார் நம்மிடம் சமாதானத்தைக் கற்க வேண்டியிருக்க, நம் துண்டறிக்கைகளின் மொழி அவர்களுடைய மொழியைவிடக் கடுமையாயிருந்தால், கில்காலில் யூதா மனுஷர் செய்ததையே நாமும் செய்கிறோம். அரசனுக்கு நெருங்கியவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களின் வாயிலிருந்தே கடுமையான சொல் புறப்படுகிறது.

ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரத்தில் செய்யத்தக்க நான்கு காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, உங்கள் பக்கம் வென்றிருந்தால், தோற்ற பக்கத்துக்கு வேலை செய்த ஒருவருடைய வீட்டுக்குப் போங்கள். அரசியல் பேசப் போக வேண்டாம். அவருடைய தாயாரின் உடல்நிலையை விசாரிக்கப் போங்கள். முதல் அடி எடுத்துவைக்கும் கடமை வென்றவருக்கே உரியது. தோற்றவர் வந்தால் பணிந்துவிட்டார் என்பார்கள். வென்றவர் போனால் அன்பு என்பார்கள்.

இரண்டாவது, உங்கள் பக்கம் தோற்றிருந்தால், ஜனங்களை இகழாதிருங்கள். "காசுக்கு விலைபோன ஜனம்" என்று சொல்லும்போது, கூலி வேலைக்குப் போகுமுன் அதிகாலையில் வரிசையில் நின்று, தனக்குச் சரியென்று பட்டவருக்கு வாக்களித்த எத்தனையோ ஏழைத் தாய்மாரையும் சேர்த்துப் பழிக்கிறீர்கள். தோல்வியை ஏற்றுக்கொண்டு, நல்ல எதிர்க்கட்சியாக நின்று கேள்வி கேட்பதும் தேசத்துக்குச் செய்யும் ஊழியமே.

மூன்றாவது, சீபாவின் செய்தி வந்தால் மேவிபோசேத்தின் வாயிலிருந்தும் ஒருமுறை கேளுங்கள். கேட்கும்வரை எவருக்கும் அதை அனுப்பாதிருங்கள்.

நான்காவது, நீங்கள் வாக்களிக்காத தலைவரைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அதிகாரத்திலுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய காலத்தில், ஆட்சியிலிருந்தவர்கள் சபைக்கு நண்பர்களாயிருக்கவில்லை. ஒரு மாதம் பெயர் சொல்லி ஜெபித்த மனிதரை முன்போல் வெறுக்க முடியாது. வேண்டுமானால் செய்து பாருங்கள்.

அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு முன் இவற்றில் ஒன்றையாவது செய்துவிடுங்கள். காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகப் போக வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தார். குறை யாருடைய பக்கம் என்று அவர் கேட்கவில்லை. நினைவு வந்தவனே எழுந்து போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. வாக்குவாதம் நடந்த அந்தக் கில்கால் எப்படிப்பட்ட இடம்? பல தலைமுறைகளுக்கு முன் இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்து வந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா நாட்டியது அந்தக் கில்காலில்தான். கோத்திரத்துக்கு ஒரு கல். யூதாவுக்கு ஒன்று, மற்ற ஒவ்வொரு கோத்திரத்துக்கும் ஒன்று. பெரியது, சிறியது என்று வேதம் பிரித்துச் சொல்லவில்லை. எங்களுக்குப் பத்துப் பங்கு என்றும், எங்களுக்கே உறவு என்றும் அவர்கள் கூச்சலிட்டது, எல்லாரும் ஒரே கரத்தால் கரைசேர்க்கப்பட்டார்கள் என்பதற்கு அடையாளமாகக் கற்கள் நாட்டப்பட்ட இடத்தில்.

நம் ஆலயமும் அப்படிப்பட்ட இடமே. அங்கே நின்றுகொண்டு எந்த மொழியில் பேசப்போகிறோம்?

ஜெபம்

அன்பின் பரம பிதாவே, எங்கள் மாநிலத்தையும் புதிதாய்ப் பொறுப்பேற்பவர்களையும் உமது கரத்தில் ஒப்படைக்கிறோம். வென்றவர்களுக்குத் தாழ்மையையும், தோற்றவர்களுக்குத் தைரியத்தையும் தாரும். எங்கள் நாவைக் காத்துக்கொள்ளும். நாங்கள் தள்ளிவைத்திருக்கும் மன்னிப்பை இன்றே கொடுத்துவிட எங்களுக்குக் கிருபை செய்யும். எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பகையைச் சொத்தாக விட்டுச்செல்லாதபடி எங்களைத் தடுத்தாட்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.